ஒரு இரவின் படுக்கைக் கணக்கு: 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கிராமத்து வீட்டை வாசிப்பது

1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு பிரிட்டனில் எந்தக் கூரையின் கீழ் யார் படுத்தார்களோ அவர்கள் பெயரை அந்த வீட்டுக் கணக்கில் எழுத வேண்டும் என்பது அரசின் உத்தரவு. ஸ்காட்லாந்தின் கிழக்கே கின்கார்டின்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே ஆகென்பிளே கிராமத்துக்குப் பக்கத்தில், மான்பாடோ ஜமீன் நிலத்தில், மாஸ்பார்க் என்ற சிறிய வீடு. குடும்பத் தலைவர் மைக்கேல் டெய்லர், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். அவருடைய மகன் ஜேம்ஸ் பிறந்தது 1835 மார்ச் 29. ஆகவே, கணக்கெடுப்பு இரவில் அவருக்கு 16 வயது முடிந்து ஒரே ஒரு நாள் ஆகியிருந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கப்பலேறி, 1852 பிப்ரவரியில் இலங்கையில் இறங்கினார். 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் இந்த ஜேம்ஸ் டெய்லர்தான். அந்தத் தேயிலையை நட்டு வளர்த்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் கைகள். அதனாலேயே மாஸ்பார்க் வீடு நமக்கு முழுக்க அந்நியமான வீடு இல்லை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கணக்கெடுப்புத் தாளில் தேடிப் போகிறவர்கள், அங்கே ஒரு குடும்பத்தின் கதை எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். தாளும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்: தலைவர், மனைவி, மகன், மகள், வேலையாள் என்று வரிசையாக. ஆனால் அது ஒரே ஒரு இரவின் படுக்கைக் கணக்கு. 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கிராமத்தில் யார் எங்கே படுத்தார்கள் என்பதை உறவைப் போலவே கூலி ஒப்பந்தமும் தீர்மானித்தது. அந்த ஒப்பந்தத்தின் நாள்காட்டி தெரியாமல் இந்தத் தாளைப் படித்தால் பாதிக்கு மேல் தவறாகத்தான் புரியும் என்பது என் கருத்து.

முதலில் தாளைப் பற்றிக் கொஞ்சம். பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தாலும், முதல் நான்கும் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான். ஆட்களின் பெயர் பொதுவாகக் கிடைப்பது 1841 ஜூன் 6 கணக்கெடுப்பிலிருந்து. அதுவும் அரைகுறையானது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்று பதிவானார். யார் யாருக்கு என்ன உறவு என்ற கேள்வியே கிடையாது. பிறந்த ஊருக்குப் பதிலாக, இதே மாவட்டத்தில் பிறந்தவரா, ஆமா இல்லையா என்பது மட்டும். ஃபைஃப் மாவட்டத்தில் பல ஊர்களின் 1841 ஏடுகள் தொலைந்தே போய்விட்டன. உறவு, திருமண நிலை, சரியான வயது, பிறந்த பாரிஷ் எல்லாம் 1851இல்தான் வந்தன. பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சை மையமாக வைத்துப் பிரித்த ஊர்வட்டம். கிராமத்து நிர்வாகம் முழுக்க அதைச் சுற்றியே நடந்தது. 1861 முதல், எடின்பரோவில் புதிதாக அமைந்த ஸ்காட்லாந்துப் பதிவாளர் அலுவலகம் இந்த வேலையை எடுத்துக்கொண்டது.

வீடு வீடாகக் கொடுத்த படிவங்கள் இன்று இல்லை. அவற்றைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் ஏட்டில் எழுதிய நகல்தான் நம் கைக்கு வருகிறது. எழுதத் தெரியாத வீட்டில் அவரே கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் காதில் விழுந்தபடி பெயரும், வீட்டுக்காரருக்கு நினைவிருந்தபடி வயதும் ஏறின. ஒரே ஆளுக்கு 1851இல் 40, 1861இல் 47 என்று இருந்தால் பதற வேண்டியதில்லை.

சரி, மாஸ்பார்க்குக்கு வருவோம். ஜேம்ஸின் தாய் மார்கரெட் மோயர். மகனுக்கு 9 வயதாக இருந்தபோது அவர் இறந்துவிட்டார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். இப்போது இந்த இரண்டு கணக்கெடுப்புகளின் கேள்விகளை அந்த வீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். 1841இல் தாய் உயிரோடு இருந்தார். ஆனால் உறவைக் கேட்கும் கட்டம் இல்லை. 1851இல் கட்டம் இருந்தது. ஆனால் அந்தக் கட்டம் கேட்டது குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதை மட்டும்தான். சித்தி 'மனைவி', மூத்த தாரத்தின் பையன் 'மகன்'. இரண்டு சொல்லும் உண்மை. ஆனால் 1851 தாளை மட்டும் பார்ப்பவர் அந்தப் பெண்ணையே ஜேம்ஸின் தாய் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். இடையில் நடந்த ஒரு சாவும் ஒரு கல்யாணமும் தாளில் எங்குமே இல்லை. அந்தக் காலத்தில் பிரசவத்திலும் காய்ச்சலிலும் தாய்மார்கள் இறப்பதும், சின்னக் குழந்தைகளை வைத்திருந்த ஆண்கள் சீக்கிரமே மறுமணம் செய்வதும் சாதாரணம். ஆகவே 'மனைவி' என்ற கட்டத்துக்குக் கீழே வரிசையாக நிற்கும் குழந்தைகளில் எந்தக் குழந்தை யார் பெற்றது என்பதை ஒவ்வொரு முறையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மனைவியின் வயதிலிருந்து மூத்த பிள்ளையின் வயதைக் கழித்துப் பார்ப்பது எளிய முதல் சோதனை.

தச்சர் வீடு என்பதால் மாஸ்பார்க் ஒப்பீட்டளவில் நிலையான வீடு. தொழில் கையில் இருந்தது, பட்டறை ஓரிடத்தில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த பண்ணைக் கூலிகளின் வாழ்க்கை வேறு. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் பண்ணை வேலைக்கு ஆள் எடுப்பது ஆறு மாதத் தவணைக்கு. மே மாதக் கடைசியில் ஒரு தவணை தொடங்கும். அதற்கு விட்சன் என்று பெயர். நவம்பரில் அடுத்தது, மார்ட்டின்மஸ். தவணைக்கு முன்னால் ஊர்ச் சந்தைகளில் ஆள் அமர்த்தும் நாள் வரும். விவசாயி வந்து ஆளைப் பார்த்து, கூலி பேசி, ஒரு ஷில்லிங் போல அச்சாரம் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. கல்யாணமாகாத இளைஞர்கள் பலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பண்ணை மாறினார்கள். குடும்பஸ்தர்களை ஒரு வருஷத்துக்கு எடுப்பார்கள். அவர்கள் மாறும்போது பெண்டாட்டி பிள்ளைகள், சட்டிபானை, படுக்கை எல்லாம் ஒரு வண்டியில் ஏறிப் புதுப் பண்ணைக்குப் போகும்.

கணக்கெடுப்பு நாட்களை இதோடு சேர்த்துப் பார்த்தால் நிறைய விளங்கும். 1841இல் ஜூன் 6. அதாவது விட்சன் இடமாற்றம் நடந்து சில நாட்களே ஆன நேரம். அந்த ஏட்டில் ஒரு பண்ணையில் பதிவான வேலையாள் பலருக்கு அந்தப் பண்ணையே அப்போது புதிது. 1851 முதல் 1901 வரை எல்லாக் கணக்கெடுப்பும் மார்ச் 30க்கும் ஏப்ரல் 8க்கும் இடைப்பட்ட ஓர் இரவில் நடந்தன. அப்போது பார்ப்பது குளிர்காலத் தவணையின் கடைசிக் கட்டம். இன்னும் இரண்டு மாதத்தில் அந்த வரிசை கலைந்துவிடும். பிள்ளைகள் விஷயமும் இதே. கூலி வீட்டுப் பையன்கள் கோடையில் பெரிய பண்ணைகளில் மாடு மேய்க்கப் போய், குளிர்காலத்தில் பள்ளிக்குத் திரும்புவது வழக்கம். மார்ச் மாதத் தாளில் 'மாணவன்' என்று இருக்கும் 10 வயதுப் பையன், ஜூன் மாதத் தாளாக இருந்தால் இன்னொருவர் வீட்டில் 'மேய்ப்பன்' என்று இருந்திருப்பான். 5 முதல் 13 வயது வரை படிப்பு கட்டாயம் என்று 1872 சட்டம் சொன்ன பிறகும் இந்தப் பழக்கம் உடனே நிற்கவில்லை.

கல்யாணமாகாத ஆண்களை எங்கே படுக்க வைத்தார்கள் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. தாளின் வடிவமே அதனால் மாறிப்போகும். அபர்டீன்ஷயரில் அவர்கள் பண்ணை வீட்டு அடுக்களையில் சாப்பிட்டு, தொழுவத்தை ஒட்டிய சாமர் என்ற அறையில் படுத்தார்கள். அப்படிப்பட்ட பண்ணையில் அவர்கள் விவசாயியின் குடும்பப் பட்டியலிலேயே 'பணியாள்' என்று வருவார்கள். தெற்கே ஆங்கஸ் பக்கம் போனால் போத்தி முறை: ஒரு தனிக் கொட்டகையில் ஆண்கள் தாங்களே கூடி இருந்து, ஓட்ஸ் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறிச் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினார்கள். கணக்கெடுப்பில் அந்தக் கொட்டகை தனி 'வீடு' ஆகிவிடும். ஏரோட்டி ஒருவர் தலைவர், மற்றவர்கள் அவருக்குக் கீழே. உறவே இல்லாத ஐந்தாறு இளைஞர்கள் ஒரே குடும்பம் போலத் தோன்றுவது இதனால்தான். தென்கிழக்கில் லோத்தியன் பக்கம் இன்னொரு கொடுமை இருந்தது. குடும்பஸ்தனாகிய ஏரோட்டி தன்னோடு வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. மகளோ தங்கையோ இல்லாவிட்டால் அவன் தன் காசில் ஒரு பெண்ணைக் கூலிக்குப் பிடித்துத் தன் ஓரறை, ஈரறை வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட வேண்டும். அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு, இந்த ஏழை வீட்டில் எதற்கு ஒரு வேலைக்காரி என்று ஆச்சரியமாக இருக்கும். அவள் அந்த வீட்டு வேலைக்கு வந்தவளே இல்லை.

இந்தத் தாளில் எனக்கு மிகப் பிடித்த கட்டம், கடைசியை ஒட்டியிருக்கும் பிறந்த இடக் கட்டம். பெரும்பாலானவர்கள் தலைவரின் பிறந்த ஊரைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் பிறந்த ஊர்களை வயது வரிசையில் படிக்க வேண்டும். ஏரோட்டி வீட்டில் நான்கு பிள்ளைகள், நான்கு பாரிஷ்களில் பிறந்திருப்பார்கள். எல்லாம் அடுத்தடுத்து இருக்கும், பத்து இருபது மைலுக்குள். 9 வயதுப் பிள்ளை ஓரூர், 7 வயதுப் பிள்ளை அடுத்த ஊர் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு மே மாதம் அந்த வண்டி கிளம்பியது என்று பொருள். தலைவர் யாரிடம் வேலை செய்தார், ஏன் விட்டார் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் வராத குடும்பத்துக்கு, பிள்ளைகள் பிறந்த ஊர்களே போன வழியைக் காட்டுகின்றன. கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்தார்கள் என்ற நினைப்பு, குறைந்தபட்சம் ஸ்காட்லாந்துப் பண்ணைக் கூலிகளைப் பொறுத்தவரை, இந்த ஒரு கட்டத்திலேயே உடைந்துபோகிறது.

பெண்களின் கட்டம்தான் மனதைச் சங்கடப்படுத்துவது. மனைவியின் பெயருக்கு நேரே தொழில் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். 1841 அறிவுரையே, கூலி வாங்காமல் பெற்றோருக்கும் கணவருக்கும் உதவும் மனைவி, மகன், மகள் ஆகியோரின் தொழிலை எழுத வேண்டாம் என்றது. பால் கறந்தது, வெண்ணெய் கடைந்தது, டர்னிப் வயலில் களை எடுத்தது, அறுவடையில் நின்றது, ராத்திரியில் காலுறை பின்னி விற்றது, எதுவும் தாளில் இல்லை. அதே வேலையைப் பக்கத்துப் பண்ணையில் கூலிக்குச் செய்தால் அவள் 'பணிப்பெண்'. இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண் சட்ட ஆவணங்களில் தன் பிறந்த வீட்டுப் பெயரைத் தொடர்ந்து வைத்திருந்தாள். பழைய கணக்கெடுப்புகளில் கணவர் ஒரு குடும்பப் பெயர், மனைவி வேறு குடும்பப் பெயர் என்று வந்தால், அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கல்யாணம் ஆகாமலே பிள்ளை பெறுவதும் அந்த வட்டாரத்தில் நிறைய நடந்தது. 1855இல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயமானது. அடுத்த சில ஆண்டுகளில் மாவட்டவாரி எண்ணிக்கை வெளிவந்தபோது தேசமே அதிர்ந்தது. 1860களில் ஸ்காட்லாந்துப் பிறப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று திருமணத்துக்கு வெளியே நடந்தது. வடகிழக்கில் பான்ஃப்ஷயரில் அது ஏறக்குறைய ஆறில் ஒன்று. பாதிரிமார்கள் ஒழுக்கக்கேடு என்றார்கள். ஆனால் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். விவசாயிகள் கல்யாணமாகாத ஆட்களையே விரும்பினார்கள், குடும்பத்தோடு தங்கும் வீடுகளைக் கட்டித் தரவில்லை. ஒரே பண்ணையில் வேலை செய்த இளைஞனும் பெண்ணும் சேர்ந்து குடித்தனம் நடத்தக் கூரை கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒருவர் ஒரு திசை, மற்றவர் வேறு திசை. பெண் பிள்ளையைத் தன் தாய் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவாள்.

இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. மோரே கரையில் லோசிமவுத் என்ற ஊரில் 1866 அக்டோபர் 12இல் ஒரு குழந்தை பிறந்தது. தாய் ஆன் ராம்சே, ஆல்வ்ஸ் என்ற பாரிஷில் ஒரு பண்ணையில் வேலை செய்தவர். தந்தை அதே பண்ணையின் ஏரோட்டி ஜான் மெக்டொனால்ட். அவர்கள் மணந்துகொள்ளவில்லை. குழந்தையைப் பாட்டி இசபெல்லா தன் சிறிய வீட்டில் வைத்து வளர்த்தார். பிறப்புப் பதிவேட்டில் தாயின் குடும்பப் பெயரோடு பதிவான அந்தப் பையன் 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர் ஆனார்: ராம்சே மெக்டொனால்ட். முதல் உலகப்போரை அவர் எதிர்த்ததற்காக 1915இல் ஒரு பத்திரிகை அந்தப் பிறப்புச் சான்றிதழையே அச்சிட்டு அவரை அவமானப்படுத்தியது. பான்ஃப், மோரே கிராமத்துத் தாள்களில் பாட்டி தலைவராக, அவருக்குக் கீழே 'பேரன்' என்று சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகள் ஏராளம். எந்த மகளின் பிள்ளை என்று அந்தக் கட்டம் சொல்லாது. அந்த மகள் அதே இரவில் வேறொரு பண்ணையில் வேறொரு தாளில் 'கல்யாணமாகாதவர், பணிப்பெண்' என்று இருப்பாள். ஒரு குடும்பத்தை முழுசாகப் பார்க்க இரண்டு மூன்று தாள்களை ஒட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

சின்ன விவசாயிகள் வீட்டில் சம்பந்தமே இல்லாத குடும்பப் பெயரோடு, கிளாஸ்கோவில் பிறந்த இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கியிருப்போர் என்று பதிவாகியிருந்தால், அவர்கள் பெரும்பாலும் நகர ஏழை நிவாரண வாரியம் அனுப்பிய பிள்ளைகள். அநாதைகளையும் கைவிடப்பட்டவர்களையும் வாரக் கணக்கில் பணம் கொடுத்துக் கிராமத்து வீடுகளில் வளர்க்க விட்டார்கள். சில பிள்ளைகளுக்கு அது வீடானது, சில பிள்ளைகளுக்கு வேலைக்களமானது. தாளிலிருந்து எது எந்த வீடு என்று தெரியாது.

1861இல் ஸ்காட்லாந்துத் தாளில் ஒரு புதுக் கேள்வி வந்தது: ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை? விடை நாட்டையே வெட்கப்பட வைத்தது. மொத்த வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஓரறை வீடுகள்; ஈரறை வீடுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்தில் ஏழு. ஜன்னலே இல்லாத வீடுகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள், ஒரு பாட்டி என்று நீளும் பட்டியலுக்கு நேரே கட்டத்தில் '1' என்று இருக்கும். வேறு எந்த விவரணையும் தேவையில்லை. அதேபோல 1881இல் கேலிக் மொழி பேசுபவர்களைக் கேட்டார்கள். 2,31,594 பேர் என்று பதிவானது. ஆனால் வடகிழக்கு விவசாயிகள் வீட்டில் பேசியது ஸ்காட்ஸ் மொழியின் டோரிக் வழக்கு. அதைப் பற்றி எந்த அதிகாரியும் கேட்கவில்லை. ஸ்காட்ஸ் தெரியுமா என்ற கேள்வி 2011இல்தான் முதன்முதலாக வந்தது.

பத்தாண்டு கழித்து 1861 தாளில் மாஸ்பார்க் வீட்டுக்கு வருபவருக்கு ஜேம்ஸ் கிடைக்க மாட்டார். அவர் போனதற்கான குறிப்பும் இருக்காது. இல்லாதவர்களுக்கு இந்தத் தாளில் இடமே கிடையாது. நடுவே இறந்தவர், கனடா போனவர், அடுத்த பாரிஷில் ஏர் ஓட்டப் போனவர் எல்லாருக்கும் ஒரே வெற்றிடம்தான். ஜேம்ஸ் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்த மக்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து கண்டி மலைக்குப் போன குடும்பங்களின் பின்னணியைத் தேடுபவருக்கு மாஸ்பார்க் போல ஒரு தாள் இல்லை. இந்தியாவில் 1871–72 முதல் மக்களை எண்ணினார்கள், ஆனால் வீட்டுவாரிப் பெயர்ப் பட்டியல்களைக் காப்பாற்றி வைக்கவில்லை. துரையின் அப்பா என்ன தொழில் செய்தார் என்று இன்று யாரும் பார்த்துவிடலாம். அந்தத் தேயிலைச் செடியை நட்டவரின் அப்பா பெயரைத் தேட வழியில்லை. இது எனக்கு ஆறாத விஷயம்.

ஸ்காட்லாந்துக் குடும்பங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. நூறு ஆண்டு கழிந்த கணக்கெடுப்பு ஏடுகளை அரசின் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் இணையதளத்தில் பார்க்கலாம். 1855க்குப் பிந்தைய பதிவேடுகளும் அங்கேயே உண்டு. கணக்கெடுப்பு மறைத்ததை அந்தப் பதிவேடுகள் பல இடங்களில் திறந்துவிடும். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரையும், அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் எழுத வேண்டும் என்பது விதி. ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தது லூல்கந்துரவில். அவருக்கு ஸ்காட்லாந்துப் பதிவு இல்லை. ஆனால் மாஸ்பார்க்கில் மூத்த தாரத்துக்குப் பிறந்த வேறு யாராவது 1855க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் இறந்திருந்தால், 1851 தாள் 'மனைவி' என்ற சொல்லில் விழுங்கிய மோயர் என்ற பெயர் அந்தப் பதிவின் தாய் கட்டத்தில் இருக்க வேண்டும். தேட வேண்டிய இடம் அது.